"64 தீர்மானங்கள் நிறைவேறின" என்ற ஒற்றை வரிக்குள் என்ன இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகர்மன்றக் கூட்டம் நடந்த மறுநாள் மாவட்டப் பக்கத்தில் வரும் செய்தி எந்த ஊராக இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. யார் யாரோடு வாக்குவாதம் செய்தார், எத்தனை பேர் வெளிநடப்புச் செய்தார்கள், யாருக்கு மைக் தரவில்லை என்பதற்கு நாலு பத்தி. கடைசியில், "கூட்டத்தில் 64 தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன" என்று ஒரு வரி. ஊரின் ஒரு மாதச் செலவு அத்தனையும் அந்த ஒரு வரிக்குள் கிடக்கிறது. அதை விரித்து எழுதுமாறு கேட்பதற்கே இக்கடிதம்.

கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர்களுக்கு அஜெண்டா, அதாவது கூட்டப் பொருள்களின் பட்டியல், வந்துவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், ஓர் அலுவலகக் குறிப்பு, மதிப்பீட்டுத் தொகை, எந்த நிதியில் செலவு என்ற விவரம் இருக்கும். மன்றத்தில் அதை எழுத்தர் வாசித்து முடிப்பதற்குள் "ஆல் பாஸ்" என்று குரல் எழுந்துவிடுவதும் உண்டு. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தமிழக நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. எல்லாம் அரசு நியமித்த தனி அலுவலர் கையெழுத்தில் நடந்தது. 2022-ல் முதன்முறை வந்த பல உறுப்பினர்களுக்கு அஜெண்டா படிக்கச் சொல்லித்தர, பக்கத்து நாற்காலியில் விவரம் தெரிந்த ஆள் இல்லாமல் போனதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். (பாதி இடங்கள் பெண்களுக்கு என்று ஆன பிறகும் அஜெண்டா உறையைப் பிரிப்பது சில வார்டுகளில் கணவர்தான். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.) 1920-ஆம் ஆண்டுச் சட்டம் போய், 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தும் அலுவலகக் குறிப்பின் நடை மட்டும் மாறவில்லை. சாதாரண ஆள் படித்தால் தலை சுற்றும்.

குறிப்பை அடியிலிருந்து படிப்பதே சுலபம். "மன்றத்தின் பார்வைக்கு" என்று முடிந்தால் அது தகவல் மட்டும். "மன்றத்தின் அனுமதிக்கு" என்றால் வேலை இனிமேல்தான் நடக்கப்போகிறது. கேள்வி கேட்க இன்னும் நேரம் இருக்கிறது. "அவசர அவசியம் கருதித் தலைவரின் முன்அனுமதி பெற்று மேற்கொள்ளப்பட்ட பணி, பின்னேற்புக்கு" என்று இருந்தால் வேலை முடிந்துவிட்டது, சில சமயம் பணம் கேட்கும் பட்டியலும் தயாராக இருக்கும், மன்றம் முத்திரை குத்தினால் போதும். ஒரு கூட்டத்தின் மொத்தப் பொருள்களில் பின்னேற்பு எத்தனை என்ற ஒரே எண்ணை உங்கள் நிருபர் ஒவ்வொரு மாதமும் எழுதினாலே போதும். குழாய் வெடித்தால் கூட்டம் வரும்வரை காத்திருக்க முடியாது, உண்மைதான். ஆனால் தெருவிளக்குச் சாமான் வாங்குவதும் மழைநீர் வடிகால் தூர்வாருவதும் வருடா வருடம் "அவசரம்" ஆவதற்கு நியாயம் கிடையாது. ஐப்பசியில் மழை வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே?

பின்னேற்பில் அடிக்கடி வருவது நீரேற்று நிலைய மோட்டார் பழுது. ரீவைண்டிங் (எரிந்த காயிலைப் புதிதாகச் சுற்றுவது) செலவு இத்தனை ஆயிரம் என்று ஒரு மாதம் வரும். மூன்று மாதம் கழித்து அதே இடத்து மோட்டார் மறுபடி வரும். மோட்டார் ஒரு முறை எரிவது இயல்பு. ஒரே மோட்டார் ஓராண்டில் மூன்று முறை எரிந்தால் குற்றம் பெரும்பாலும் மோட்டாரில் இல்லை, அதை இயக்கும் பேனல் போர்டில் இருக்கிறது. மூன்று ஃபேஸில் ஒன்று போனதும் மோட்டாரை நிறுத்த வேண்டியது சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர். அது அடிக்கடி டிரிப் ஆகிறது, தண்ணீர் நின்றுபோகிறது, வார்டில் சத்தம் போடுகிறார்கள் என்று அதைச் சுற்றி ஒயரை மாற்றிப்போட்டு பைபாஸ் செய்துவிடுவார்கள். அடுத்த முறை ஒரு ஃபேஸ் போகும்போது காயில் கருகும். கிணற்றிலோ போரிலோ நீர்மட்டம் இறங்கி மோட்டார் வெறுமனே ஓடினாலும் இதே கதி. ஆகவே உறுப்பினர் கேட்க வேண்டியது "ஏன் இவ்வளவு செலவு?" என்பது அல்ல. "இந்த மோட்டாரின் பழுதுப் பதிவேடு எங்கே, பிரிவென்டரும் சுமை கூடினால் மோட்டாரை நிறுத்தும் ரிலேயும் இணைப்பில் இருக்கின்றனவா, மாற்று மோட்டார் இருப்பில் உண்டா?" என்று கேட்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் அடுத்த ஆண்டு அந்தப் பொருள் அஜெண்டாவில் வராது.

குடிநீரில் இன்னொன்று பிளீச்சிங் பவுடர் கொள்முதல். இதில் வீட்டிலிருந்தே கணக்குப் போடலாம். 25 சதவீதம் குளோரின் உள்ள பவுடர் 4 கிராம் போட்டால் ஆயிரம் லிட்டரில் 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) குளோரின் கிடைக்கும். மேல்நிலைத் தொட்டி 5 லட்சம் லிட்டர், தினம் ஒரு முறை நிரம்புகிறது, 2 பிபிஎம் போடுகிறார்கள் என்றால் நாளுக்கு 4 கிலோ, மாதத்துக்கு 120 கிலோ. 25 கிலோ மூட்டையில் ஏறக்குறைய ஐந்து. ஊரின் தொட்டிகளுக்குத் தினமும் ஏறும் தண்ணீர் 40 லட்சம் லிட்டர் என்றால் மாதம் 39 மூட்டை வேண்டும். கொள்முதல் இதற்கு மிகக் குறைவாக இருந்தால் தண்ணீரில் குளோரின் இல்லை; மிக அதிகமாக இருந்தால் மூட்டை வேறெங்கோ போகிறது, அல்லது பழைய சரக்கு வீரியம் குறைந்து கிடக்கிறது. மூட்டை பிரிந்து ஈரக்காற்றுப் பட்டால் பவுடரின் வீரியம் இறங்கிக்கொண்டே போகும். ஆறு மாதத்துக்கு மொத்தமாக வாங்கித் தகரக் கொட்டகையில் அடுக்குவது சிக்கனம் ஆகாது. (அமைச்சர் வருகைக்கு முதல் நாள் சாலையோரம் விழும் வெள்ளைக் கோட்டில் சுண்ணாம்பு எவ்வளவு, குடிநீருக்கு வாங்கிய பவுடர் எவ்வளவு என்பதையும் இருப்புப் பதிவேடு சொல்லும், ஒழுங்காக எழுதியிருந்தால்.)

போடும் முறையிலும் பிழை நடக்கிறது. பவுடரை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு நிறையத் தண்ணீர் சேர்த்துக் கலக்கித் தெளியவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரை மணி நேரமாவது கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். நேரடியாகக் கொட்டினால் சுண்ணாம்புக் கசடு தொட்டியின் அடியில் தங்கும், முதல் தெருவுக்கு மருந்து வாடையோடு தண்ணீர் போகும், கடைசித் தெருவுக்கு ஒன்றும் போகாது. குழாயில் வரும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயம். குளோரின் அளவு காட்டும் சிறு கருவியான குளோரோஸ்கோப்பில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தொட்டியில் 0.5 இருந்து கடைசித் தெருவில் பூஜ்யம் வந்தால், இடையில் எங்காவது குழாய்க் கசிவில் கழிவுநீர் கலக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். நாலு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடும் ஊரில் மீதி நேரம் குழாய் வெறுமையாகக் கிடக்கும். கசிவு வழியே கழிவுநீர் உள்ளே இறங்கும். வீட்டுக்காரர்கள் இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் வேகமாக இறங்கும். "குழாய் உடைப்புச் சரிசெய்தல்" என்ற பொருளில் ஒரே தெருப் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அங்கே தேவை ஒட்டுப்போடுவது அல்ல, குழாயையே மாற்றுவது. அந்தத் தெருப் பெயர்களைச் செய்தியில் போட்டால், வயிற்றுப்போக்கு வருவதற்கு முன்பே எச்சரித்ததாக இருக்கும்.

அடுத்தது சாலை. ஒப்பந்தப்புள்ளியைப் பொறுத்தவரை 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்கின்றன தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகள். அவகாசத்தைக் குறைத்தால் காரணம் எழுதியிருக்க வேண்டும். ஒரே தெருவின் வேலை இரண்டு மூன்று பொருளாகத் துண்டு போடப்பட்டிருந்தால், ஒவ்வொரு துண்டும் எந்த அனுமதி வரம்புக்குள் அடங்குகிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். ஒற்றை ஒப்பந்தப்புள்ளி மட்டும் வந்து, அதுவும் மதிப்பீட்டில் ஒரு சதவீதம்கூடக் குறையாமல் ஏற்கப்பட்டிருந்தால் அதையும் செய்தியில் குறிக்கலாம்.

வேலை நடக்கும்போது தெருவாசியே அளந்து பார்க்க முடியும். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்றால் 45 கனமீட்டர் கான்கிரீட் வேண்டும். கலவை லாரி ஒன்றுக்கு 6 கனமீட்டர் என்று வைத்தால் ஏழரை லோடு. ஆறு லோடோடு வேலை முடிந்துவிட்டால் கனம் 12 சென்டிமீட்டர்தான். எம்-புக்கில் (வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) என்ன அளவு ஏறியிருக்கிறது என்று பிறகு ஒப்பிடலாம். நாலு, நாலரை மீட்டருக்கு ஒரு இணைப்பு வெட்டு விழவில்லை என்றால் கான்கிரீட் தானே வெடித்துக்கொள்ளும், அதுவும் கோணல்மாணலாக. பத்துப் பதினாலு நாள் தண்ணீர் கட்ட வேண்டும். சாக்குப் போட்டு இரண்டு நாள் நனைத்துவிட்டு விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. இதையெல்லாம்விட நீண்டநாள் துன்பம் சாலை மட்டம் உயர்வது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். எனவே மதிப்பீட்டில் சுரண்டும் வேலைக்குத் தனி இனம் இருக்கிறதா என்று தேட வேண்டும். அது இல்லாத மதிப்பீட்டுக்கு ஒப்புதல் கொடுத்தால் அடுத்த மழையில் தண்ணீர் வாசலைத் தாண்டும்.

ஏல இனங்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. வாரச்சந்தை, பேருந்து நிலையம், கட்டணக் கழிப்பிடம் ஆகியவற்றின் குத்தகை ஏப்ரல் 1-ல் தொடங்க வேண்டும். ஏலம் பலமுறை ஒத்திவைக்கப்பட்டு "நகராட்சி நேரடி வசூல்" என்று ஓடினால், போன ஆண்டுக் குத்தகைத் தொகையை 12-ஆல் வகுத்து இந்த மாத வசூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மன்றம் நிர்ணயித்த கட்டணப் பலகை சந்தை வாசலில் இருக்கிறதா என்பதையும் உங்கள் புகைப்படக்காரர் ஒரு படம் எடுக்கலாம். பலகை இல்லாத இடத்தில் கீரைக்கூடைக்கு எவ்வளவு என்று வசூலிப்பவரே தீர்மானிக்கிறார்.

நிதித் தலைப்பைப் பலரும் கவனிப்பதில்லை. பொது நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி என்று நகராட்சியின் கணக்குகள் தனித்தனி. சொத்துவரியில் கல்விக்கென்று பிரித்து வைக்கும் பங்கு பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். 2021–26 காலத்துக்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் நம்மைப் போன்ற ஊர்களுக்கு 40 சதவீதம்தான் இஷ்டப்படி செலவிடக்கூடியது; மீதி 60-ல் பாதி குடிநீருக்கு, பாதி துப்புரவுக்கு. குடிநீர்ப் பங்கில் பேவர் பிளாக் பதித்திருந்தால் அது தணிக்கைத் தடையில்தான் போய் முடியும். வரவுப் பக்கத்தில் கேட்க வேண்டியது கேட்பு (வர வேண்டிய மொத்தத் தொகை), வசூல், நிலுவை அறிக்கை. சொத்துவரியை அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி. சின்ன வீட்டுக்காரர்கள் வட்டிக்குப் பயந்து கட்டிவிடுகிறார்கள். வழக்கில் கிடக்கும் நிலுவை எவ்வளவு, எத்தனை ஆண்டாக என்பதுதான் செய்தி.

அஜெண்டாவும் மன்ற நடவடிக்கைக் குறிப்பும் ரகசிய ஆவணங்கள் அல்ல. நிருபருக்கு எந்த உறுப்பினரும் ஒரு பிரதி தருவார். வாசகர்கள் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் 6(1) பிரிவின் கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். "எல்லாத் தீர்மானங்களும் வேண்டும்" என்று கேட்டால் கட்டுக்கட்டாகப் பக்கத்துக்குப் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். கூட்டத் தேதி, பொருள் எண், அதற்குரிய மதிப்பீடு, எம்-புக் பக்கம் என்று குறிப்பிட்டுக் கேட்பது நல்லது. அதைவிட நல்லது, ஆவணங்களை நேரில் பார்வையிட அனுமதி கேட்பது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. வேலையைப் பார்வையிடவும் பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுக்கவும் அதே சட்டத்தின் 2(j) பிரிவில் இடம் இருக்கிறது. ரோட்டுக் கலவைக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது.

உங்கள் இதழில் இடம் குறைவு என்பது தெரியும். கூட்டத்துக்கு மறுநாள் ஒரு சிறு பெட்டிச் செய்தி போதும்: மொத்தப் பொருள்கள், அதில் பின்னேற்பு எத்தனை, தொகையில் பெரிய ஐந்து வேலைகள், அவை எந்த வார்டில், எந்த நிதியில், ஆட்சேபணை பதிவு செய்த உறுப்பினர்கள் யார், எந்தப் பொருளுக்கு. வெளிநடப்பை அதற்குக் கீழே போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியர்கள் சிலர்