நெல் காய ஒரு களம்: பேராவூரணி வட்டார விவசாயிகளின் வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

பேராவூரணியை ஒட்டியுள்ள நான்கு கிராமங்களின் விவசாயிகள் சேர்ந்து ஒரு பொதுக் களம் கட்ட முடிவு செய்திருக்கிறோம். நெல் காயப்போட ஒரு சிமென்ட் தளம், மழை வந்தால் வாரி உள்ளே போட ஒரு கொட்டகை, அவ்வளவுதான். அதற்கு உங்கள் உதவியைக் கேட்டு எழுதுகிறோம். இந்த மண்ணில் பிறந்து சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் என்று பிழைப்புக்காகப் போயிருப்பவர்களுக்கு எங்களை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஆனால் இந்தப் பக்கம் வந்தே இராத பலருடைய கைக்கும் இந்த வேண்டுகோள் போகும். அவர்களுக்காக முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறோம்.

தஞ்சாவூர் மாவட்டம் என்றால் முப்போகம் விளைகிற பூமி என்று நினைப்பவர்கள் உண்டு. எங்கள் பேராவூரணியோ அந்த மாவட்டத்தின் தென்கோடி. கிழக்கே போனால் மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் கடற்கரை வந்துவிடும். தெற்கே புதுக்கோட்டை எல்லை. அக்னியாறும் அம்புலியாறும் இருக்கின்றன. இரண்டும் மழை பெய்தால் மட்டும் ஓடும் காட்டாறுகள். எங்கள் முன்னோர் ஏரியையும் வானத்தையும் நம்பித்தான் உழுதார்கள். 1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. அதே திட்டத்தில் வெட்டிய கல்லணைக் கால்வாய் வழியாகத்தான் காவிரி எங்களுக்கு வந்தது. பெரியவர்கள் இன்றும் அதைப் புது ஆறு என்றே சொல்கிறார்கள்.

நாங்கள் கடைமடை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறந்தால் மறுவாரமே எங்கள் மதகில் தண்ணீர் நிற்காது. மேலே இருக்கிற வயல்களும் ஏரிகளும் குடித்தது போக மிச்சம்தான் இங்கே வந்து சேரும். 2024-இல் அணை திறந்ததே ஜூலை 28-இல்தான். அதனால் எங்களில் பெரும்பாலோர்க்கு ஜூனில் தொடங்கும் குறுவைப் போகம் கிடையாது. அடுத்து வரும் நீண்டகாலப் பயிரான சம்பா ஒன்றுதான். நாற்று விடுவதும் பின்தங்கும், நடவும் பின்தங்கும், கதிர் முற்றுவதும் தை, மாசிக்குப் போய்விடும். ஆண்டுக்கு ஒரே முறை கைக்கு வரும் அந்த நெல்லில்தான் கடன், கல்யாணம், காது குத்து, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் இருக்கின்றன.

நெல்லுக்கு அடுத்து எங்களைத் தாங்கியது தென்னை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அதையும் சாய்த்தது. தாத்தா வைத்த மரங்கள் வேரோடு பெயர்ந்து, எல்லாம் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்துக் கிடந்தன. மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அரசு கொடுத்தது. அதை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் நெட்டை ரகத் தென்னம்பிள்ளை பாளை விட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். மட்கிய தண்டுகளில் காண்டாமிருக வண்டு பெருகி, புதிதாக வைத்த கன்றுகளின் குருத்தைத் தின்றது. இரண்டு முறை, மூன்று முறை கன்று வைத்தவர்கள் இருக்கிறார்கள். இப்போதுதான் அந்தத் தோப்புகள் காய்ப்புக்கு வந்துகொண்டிருக்கின்றன.

இந்த ஆண்டுகளில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது பெண்களின் கீற்றுப் பின்னலால்தான். இதை நாங்கள் பெருமையோடு சொல்ல வேண்டும். மட்டையை இரண்டாகக் கிழித்துக் குளத்தில் ஊறப்போட்டு, விடிவதற்குள் எடுத்து வந்து, ஈரம் காய்வதற்குள் பின்னி முடிப்பார்கள். குனிந்தபடியே செய்கிற வேலை. வெயில் ஏறினால் ஓலை முறியும். வெட்ட ஓலை இல்லாத காலத்தில் தூரத்துத் தோப்புகளிலிருந்து மட்டை வாங்கி வந்து பின்னினார்கள். அறுவடைக் காலத்தில் நெல்லைத் துழாவிக் காயவைத்து, தூற்றி, மூட்டை பிடிப்பவர்களும் அவர்களே. களம் கட்ட வேண்டும் என்ற பேச்சைக் கிராம சபையில் முதலில் எடுத்தவர்களும் அவர்கள்தான்.

ஏன் களம்? முன்பு கதிரை அரிவாளால் அறுத்து, வயலிலேயே காயப்போட்டு, கட்டுக் கட்டிக் களத்துக்குச் சுமந்து வந்து அடிப்போம். அறுப்புக்கும் அளப்புக்கும் இடையில் பல நாள் வெயில் நெல்லுக்குக் கிடைத்தது. இன்று ஆள் கிடைப்பதில்லை. அறுவடை இயந்திரம் ஏக்கர் கணக்கில் ஒரே பகலில் அறுத்து, பச்சை நெல்லாகவே டிராக்டரில் கொட்டிவிடுகிறது. அந்த நெல்லில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அரசின் நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் வாங்க விதியில்லை. நிலையத்தில் இருப்பவர்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. ஈர நெல் கிடங்கில் கெட்டுப்போகும் என்பதற்காகத்தான் அந்த அளவு. இடையில் இருக்கும் அந்த மூன்று, நான்கு சதவீத ஈரத்தைப் போக்க எங்களுக்கு இடமில்லை என்பதுதான் பிரச்சினை. பழைய களத்துமேடுகளில் பல வீடுகளாகிவிட்டன. மிஞ்சியவை மண் தரை. ஒரு தூறல் போட்டால் சேறு.

எனவே சாலையில் காயப்போடுகிறோம். தார்ச் சாலையில் ஒரு பாதியை மறித்து, ஓரத்தில் கல்லும் மரக்கிளையும் வைத்து, இரவில் தார்ப்பாய் போர்த்தி, பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறோம். இருசக்கர வண்டிகள் நெல்லில் சறுக்கி விழுகின்றன. காவலுக்குப் படுத்திருப்பவர் உயிருக்கும் உத்தரவாதமில்லை. இது தவறு என்று எங்களுக்குத் தெரியும். வேறு தரை இருந்தால் ஒருவரும் சாலைக்கு வர மாட்டார்கள்.

மழை வந்துவிட்டால் குவித்து மூடத்தான் முடியும். மூடிய குவியலுக்குள் மறுநாள் கையை விட்டால் சுடும். அதற்கடுத்த நாள் புழுங்கிய வாடை வரும். பிறகு அடியில் இருக்கும் நெல் வெள்ளையாக முளை விட்டுப் பாயோடு ஒட்டிக்கொள்ளும். 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பெய்த மழை டெல்டா முழுவதும் முற்றிய சம்பாவைச் சாய்த்தது நினைவிருக்கும். அந்த ஆண்டு ஈரப்பத வரம்பை 20 சதவீதமாகத் தளர்த்தினார்கள். அது பேருதவி. ஆனால் தளர்வு கேட்டு, ஆய்வுக் குழு வந்து பார்த்து, உத்தரவு வரும் வரை நெல் காத்திருக்காது. பொறுக்க முடியாமல் கிடைத்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிட்டவர்கள் எங்களில் பலர். 2025-26 பருவத்துக்குச் சன்ன ரகக் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய் என்று அரசு விலை வைத்தது. காய்ந்த நெல் கையில் இருந்தால்தான் அந்த விலை எங்களுக்கு.

தண்ணீருக்காக இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிற மேட்டூரைப் பார்த்துக் காத்திருக்கிறோம். மழையும் புயலும் எங்கள் கையில் இல்லை. ஆனால் அறுத்த பிறகு நெல் கெடுவதைத் தடுக்க எங்களால் முடியும். அதனால்தான் ஏரி, சாலை, கோயில் மண்டபம் என்று பல யோசனைகள் வந்தபோதும் களத்தை முதலில் எடுத்துக்கொண்டோம்.

திட்டம் இது. 120 அடிக்கு 100 அடியில் சிமென்ட் தளம். நடு உயர்ந்து, நாலாபக்கமும் நீர் வடியும்படி சரிவு. ஒரே நேரத்தில் சுமார் பத்து ஏக்கர் நெல் காயும். வெயில் நன்றாக அடித்தால் ஓரிரு நாளில் அடுத்தவருக்கு இடம் கிடைக்கும். பக்கத்தில் தகரக் கூரைக் கொட்டகை. ஈரப்பதம் பார்க்கும் கருவி ஒன்றும் வாங்குவோம். நெல்லை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே அளவு தெரிந்துவிட்டால், திருப்பி அனுப்பப்பட்டு வாடகை நஷ்டப்படுவது நிற்கும். நெல் முடிந்த மாதங்களில் உளுந்து, எள், நிலக்கடலை காயும். கொப்பரையும் காயும். உரிமட்டையோடு தோப்பிலேயே தேங்காயை விற்றுவிடுகிற சிறு விவசாயிக்குக் கொப்பரை போட ஒரு தரை இருந்தால், விலை பார்த்து விற்கத் தெம்பு வரும்.

இடம் தயாராக இருக்கிறது. ஒரு குடும்பத்தார் தங்கள் மேட்டு நிலத்தைக் களத்துக்கென்றே ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. மொத்த மதிப்பீடு 22 லட்சம் ரூபாய். நிலம் உள்ளவர்கள் ஏக்கருக்கு 1,000 ரூபாய் தருகிறோம். நிலமில்லாத தொழிலாளர் குடும்பங்களிடம் பணம் வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம். அவர்கள் வந்து, மண் நிரவும் வேலையில் ஆளுக்கொரு நாள் நாங்களும் நிற்போம் என்று சொன்னார்கள். குத்தகைக்காரருக்கும் நிலச் சொந்தக்காரருக்கும் களத்தில் ஒரே வரிசைதான். எந்தத் தெருக்காரர் என்று யாரும் கேட்கக் கூடாது என்பதைத் தீர்மானமாகவே எழுதி நான்கு கிராமத்தாரும் கையெழுத்திட்டிருக்கிறோம்.

தளத்தில் பத்துக்குப் பத்து அடி கொண்ட ஒரு சதுரத்துக்கு 11,000 ரூபாய் ஆகும். இப்படி 120 சதுரங்கள். முடிந்தவர்கள் ஒரு சதுரத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். நண்பர்கள் சிலர் சேர்ந்தும் ஒன்றை ஏற்கலாம். ஒரு மூட்டை சிமென்ட் வாங்கித் தந்தாலும் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்வோம். கல்வெட்டு, விளம்பரப் பலகை எதுவும் வைப்பதாக இல்லை. தந்தவர்கள் எல்லோருடைய பெயரும், தொகை குறிப்பிடாமல், அகர வரிசையில் கொட்டகைச் சுவரில் எழுதப்படும்.

பணத்தை எந்தத் தனி நபரிடமும் கொடுக்க வேண்டாம். குழுவின் பெயரிலுள்ள கூட்டுக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். கணக்கு எண் எங்கள் ரசீதுப் புத்தகத்தின் ஒவ்வொரு தாளிலும் அச்சாகியிருக்கிறது. மூவர் கையெழுத்தில்லாமல் அதிலிருந்து பணம் எடுக்க முடியாது. வரவு செலவு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை நான்கு கிராமங்களின் பொது இடங்களிலும் ஒட்டப்படும். வெளியூரில் இருப்பவர்களுக்கு அதன் படம் அனுப்பப்படும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கான்கிரீட் போட முடியாது. தளம் ஆவணிக்குள் முடிந்தால்தான் வரும் தை அறுப்புக்குக் களம் பயன்படும். ஆகவே பங்களிக்க நினைப்பவர்கள் ஆனி மாதக் கடைசிக்குள் தெரிவித்துவிட்டால் சிமெண்ட்டுக்கும் ஜல்லிக்கும் முன்பணம் கொடுக்க வசதியாக இருக்கும். சித்திரைத் திருவிழாவுக்கு நீலகண்டப் பிள்ளையார் கோயிலுக்கு வருகிறவர்கள் தேரோட்டம் முடிந்ததும் ஒரு நடை வந்து இடத்தைப் பாருங்கள். திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதையில் ரயிலில் வருகிறவர்கள் பேராவூரணியில் இறங்கிச் சொன்னால் குழுவிலிருந்து ஆள் வந்து அழைத்துப்போவார்.

இப்படிக்கு,
களம் அமைப்புக் குழுவினர்,
பேராவூரணி வட்டாரம், தஞ்சாவூர் மாவட்டம்