பனிமலைப் பங்கு விற்பவர்களுக்குப் பொங்கல் மேடை எதற்கு? தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டுப் பொங்கல் விழாவில், குழந்தைகளின் கும்மிக்கும் பட்டிமன்றத்துக்கும் நடுவே, நிகழ்ச்சி நிரலில் "சிறப்பு நன்கொடையாளர் உரை" என்று மட்டும் அச்சிடப்பட்டிருந்த பகுதியைப் பற்றி எழுதுகிறேன். அதில் என்ன பேசப்பட்டது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அனுமதி கொடுத்தவர்கள் நீங்கள். பேசியவருக்குப் பொன்னாடை போர்த்தியதும் நம் தலைவர்தான்.

ஒரு பனிச்சறுக்கு மலை, அதன் அடிவாரத்தில் எழப்போகும் விடுதி, அதில் 8 லட்சம் டாலர் முதலீடு, அதன் வழியே குடும்பத்துக்கே கிரீன் கார்டு. பேச்சின் சாரம் இவ்வளவுதான். பேச்சு முடிந்ததும், சாப்பாட்டு வரிசையை ஒட்டி அவர்கள் போட்டிருந்த மேசையில் வண்ணக் கையேடு கொடுத்தார்கள். அட்டையில் பனி படர்ந்த கூரையும், கண்ணாடிச் சுவர்களும், சிவப்புத் தொப்பி அணிந்த ஒரு குழந்தையும் இருந்தன. கடைசிப் பக்கத்தின் அடியில், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணருகே பிடித்தால் மட்டும் தெரிகிற எழுத்தில், படங்கள் யாவும் கற்பனை என்றும், திட்டம் மாற்றத்துக்கு உட்பட்டது என்றும் இருந்தது. மலை யாருக்குச் சொந்தம், விடுதி எழப்போகும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பற்றி முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு வரிகூட இல்லை.

அந்த நிறுவனம் மோசடி நிறுவனம் என்று நான் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் ஆதாரமும் இல்லை. ஈபி-5 என்பது, வேலைகளை உருவாக்கும் திட்டத்தில் முதலீடு செய்யும் வெளிநாட்டவர் கிரீன் கார்டு பெற அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் வழி. நேர்மையாக நடத்தி, வாக்களித்த வேலைகளை உருவாக்கி, பணத்தையும் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான்: சொத்து யார் பெயரில் இருக்கிறது, முதலீட்டாளரின் பணம் யாருடைய கையெழுத்தில் கணக்கைவிட்டு வெளியேறும், விற்பவருக்கு அதில் எவ்வளவு கமிஷன் என்ற மூன்றையும் எழுத்தில் தராத எவருக்கும் சங்கத்தின் மேடையைத் தராதீர்கள்.

நம் மக்கள் குழந்தைகளுக்குப் பனிச்சறுக்குப் பழக்குவதற்காக வெர்மான்ட்டுக்கு வண்டி கட்டுகிறார்கள். அங்கே கனடா எல்லையை ஒட்டி இருக்கும் ஜே பீக் மலையின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தும் இந்த உரையை அனுமதித்தீர்கள் என்பதுதான் என் வருத்தத்தைக் கூட்டுகிறது. 2008-ல் அந்த ரிசார்ட்டை ஏரியல் கிரோஸ் என்பவர் அதன் பழைய உரிமையாளரான கனடிய நிறுவனத்திடமிருந்து வாங்கினார். வாங்கிய பணத்தில் ஏறத்தாழ 2 கோடியே 19 லட்சம் டாலர், அங்கே விடுதி கட்டுவதற்கென்று வெளிநாட்டு முதலீட்டாளர்கள் கொடுத்திருந்த பணம் என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2016-ல் நீதிமன்றத்தில் சொன்னது. அந்தப் பணம் புழங்கிய தரகு நிறுவனத்தில் கிளை மேலாளராக இருந்தவர் கிரோஸின் முன்னாள் மருமகன். அந்த நிறுவனம் பின்னாளில் 15 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ஆக, மலை கைமாறிய நாளன்றே முதலீட்டாளர்கள் தங்களுக்குத் தெரியாமல் இன்னொருவருக்கு மலையை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த எட்டு ஆண்டுகளில் குறைந்தது 74 நாடுகளிலிருந்து 35 கோடி டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது. விடுதிகள் சில எழுந்தன, நீர்விளையாட்டுப் பூங்கா எழுந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு திட்டத்தின் பள்ளத்தை அடுத்த திட்டத்தின் பணத்தால் நிரப்பிக்கொண்டே போனதில், வரிசையில் பின்னால் நின்றவர்களுக்குப் பள்ளம் மட்டுமே மிஞ்சியது. நியூபோர்ட் என்ற சிறு நகரத்தில் உயிரியல் தொழில்நுட்ப ஆலை வருமென்று சொன்னார்கள், வரவில்லை. அதே ஊரின் பிரதான வீதியில், புதிய வணிக வளாகம் கட்டுவதாகச் சொல்லி 2015-ல் ஒரு முழு வரிசைக் கட்டடங்களை இடித்தார்கள்; கட்டுவதற்குப் பணம் இல்லாததால் அந்த இடம் பல ஆண்டுகள் வேலியடைத்த குழியாகவே கிடந்தது.

இவை எல்லாவற்றையும்விட என் மனதை அறுப்பது டிராம் ஹவுஸ் விடுதியின் முதலீட்டாளர்களுக்கு நேர்ந்தது. முதல் திட்டத்தின் முதல் ஆட்கள் அவர்கள். 35 பேர், ஆளுக்கு 5 லட்சம் டாலர். அவர்கள் பணத்தில் விடுதி உண்மையாகவே கட்டி முடிக்கப்பட்டது, விருந்தினர் வந்து தங்கினார்கள். எந்தக் கண்கொண்டு பார்த்தாலும் வெற்றி பெற்ற திட்டம் அது. 2013-ல், அந்த விடுதியில் அவர்களுக்கு இருந்த உரிமைப் பங்கு அவர்களைக் கேட்காமலேயே கலைக்கப்பட்டு, அதற்குப் பதிலாக அவர்கள் பெயரில் ஈடு எதுவும் இல்லாத புரோநோட்டு எழுதப்பட்டது. செய்தி அவர்களுக்கு எட்டியது மாதங்கள் கழித்து, கடித வழியாக. ஒருநாள் காலை தபாலைப் பிரிக்கிறீர்கள். நேற்றுவரை நீங்கள் பங்குதாரர், இன்று வெறும் கடன் கொடுத்தவர், அதுவும் எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாமல் கடன் கொடுத்தவர். கட்டடம் நிற்கிறது, அறைகள் நிரம்புகின்றன, வாடகை வருகிறது, ஆனால் அது உங்களுடையது இல்லை. அவர்களில் சிலர் மாநில அரசிடம் முறையிட்டார்கள். ஆணையம் வழக்கோடு வந்தது 2016 ஏப்ரலில்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நம் மேடையில் பேசியவர், தங்கள் திட்டத்துக்கு அரசு ஆதரவு இருக்கிறது என்று சொல்லி, பதவியில் இருக்கும் ஒருவரோடு எடுத்துக்கொண்ட படத்தைத் திரையில் காட்டினார், அரங்கமும் கைதட்டியது. ஜே பீக்கில் ஆதரவுக்குக் குறைவே இல்லை. அந்த ஈபி-5 திட்டங்களை மேற்பார்த்த அமைப்பான வட்டார மையத்தை நடத்தியதே வெர்மான்ட் மாநில அரசுதான். ஆளுநர்கள் அதற்காகப் பேசினார்கள், செனட்டர் ஆதரித்தார், 2012-ல் ஆயிரக்கணக்கான வேலைவாய்ப்புகள் என்று மேடைபோட்டு அறிவித்தார்கள். முடிவில் அந்த மையத்தின் அங்கீகாரத்தை 2018-ல் குடியேற்றத் துறை ரத்து செய்தது; 2023-ல் முதலீட்டாளர்களின் வழக்குகளைத் தீர்க்க மாநில அரசே 1 கோடியே 65 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. கிரோஸுக்கு 2022-ல் ஐந்து ஆண்டுச் சிறை கிடைத்தது; கூட்டாளிகள் இருவருக்கு ஆளுக்கு 18 மாதம். அதே ஆண்டு ஜே பீக் 7 கோடியே 60 லட்சம் டாலருக்கு வேறொரு ரிசார்ட் நிறுவனத்துக்குப் போனது. கிரோஸ் தரப்பின் கையில் இருந்த இன்னொரு மலையான பர்க், நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளரிடம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கிடந்து, 2025-ல்தான் 1 கோடியே 15 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அங்கே விடுதி கட்டுவதற்கென்று திரட்டிய தொகை இதைப்போலப் பல மடங்கு. மலைகள் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. பனியும் ஆண்டுதோறும் தவறாமல் பெய்கிறது.

ஆகவே புகைப்படம் ஆவணம் ஆகாது. ஊரில் இரண்டு சென்ட் மனை வாங்க வேண்டுமென்றால் மூலப்பத்திரம் கேட்கிறோம், முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்கிறோம், பட்டா யார் பெயரில் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் நடக்கிறோம், அதன் பிறகும் மாமாவை அனுப்பி எல்லைக்கல்லைப் பார்த்துவரச் சொல்கிறோம். அதே நாம், எந்த ஊரில் இருக்கிறது என்றே சரியாகத் தெரியாத ஒரு மலைக்கு, சர்க்கரைப் பொங்கல் தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு 8 லட்சம் டாலருக்கு விருப்பப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறோம். வெர்மான்ட்டில் நிலப் பதிவேடுகள் அந்தந்த ஊர் கிளார்க் அலுவலகத்திலேயே இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இவ்வளவு எளிதாகச் சரிபார்க்கக்கூடிய ஒன்றைத் தங்கள் கையேட்டில் அச்சிட இவர்களுக்கு என்ன தயக்கம் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டாமா?

கையெழுத்துப் போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. அன்று அந்த மேசையைச் சுற்றி நின்றவர்களில் பலரை எனக்குத் தெரியும். எச்-1பி வேலை விசாவில் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக வரி கட்டி, வேலைவழி கிரீன் கார்டுக்கான ஈபி-2 வரிசையில் தங்கள் தேதி நகராதா என்று மாதாமாதம் விசா அறிக்கையைத் திறந்து பார்ப்பவர்கள். பிள்ளைக்கு 21 வயது நிறைந்தால் அது பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து கழன்றுவிடும் என்ற அச்சம் அவர்களை வாட்டுகிறது. கிராமப்புறத் திட்டம் என்றால் தனி ஒதுக்கீடு, ஈபி-5 விதிகளைத் திருத்திய 2022 சட்டத்துக்குப் பிறகு இங்கிருந்தபடியே கிரீன் கார்டுக்கான நிலைமாற்ற விண்ணப்பத்தையும் சேர்த்துப் போடலாம் என்று கேள்விப்படும்போது அவர்கள் மனம் அசைவது இயற்கை. பனிச்சறுக்கு மலைகள் பெரும்பாலும் கிராமப்புறத்தில்தானே இருக்கின்றன! அந்தத் தவிப்பைத்தான் நீங்கள் ஒரு பிளாட்டினம் நன்கொடைக்கு ஈடாக மேசை போட்டு விற்க விட்டீர்கள். ஊரில் வீட்டை விற்று, அப்பாவின் ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்துத் தருகிற குடும்பத்துக்கு, பணம் போனாலும் பரவாயில்லை என்று சொல்லும் வசதி கிடையாது. ஜே பீக் திட்டங்களில் பின்னால் சேர்ந்தவர்கள் பலருக்குப் பணத்தோடு கிரீன் கார்டும் கேள்விக்குறியானது, ஏனென்றால் ஆளுக்குப் பத்து வேலை உருவாகியிருக்க வேண்டும் என்பது விதி. எழாத கட்டடத்தில் யார் வேலை பார்ப்பார்கள்?

செயற்குழு நண்பர் ஒருவரிடம் இதைத் தொலைபேசியில் சொன்னபோது, "சங்கம் யாரையும் முதலீடு செய்யச் சொல்லவில்லையே, மண்டப வாடகைக்கு யார் தருவது?" என்றார். வாடகைச் சுமை எனக்கும் தெரியும். ஆனால் பொன்னாடை என்பது பரிந்துரை இல்லையென்றால் வேறு என்ன? ஈமு கோழிக்கும் தேக்கு மரத்துக்கும் தமிழ்நாட்டில் மேடை கொடுத்தவர்களும் எங்களை யாரும் நேரடியாகக் குற்றம் சொல்ல முடியாது என்றுதான் சொன்னார்கள். இப்படியே போனால் அடுத்த ஆண்டு ஆண்டாள் வேடப் போட்டிக்கு இடையிலும் ஒரு மலையை விற்கலாம். நடுவர்களுக்குப் பரிசாக ஆளுக்கொரு பங்கும் தரலாம். நன்கொடையாளர் பட்டியலில் யார் பெயர் எவ்வளவு பெரிய எழுத்தில் என்பதற்குக் காட்டும் அக்கறையில் பாதியை உறுப்பினர்களின் சேமிப்பின் மேல் காட்டியிருந்தால் இந்த மடலுக்கே தேவை இருந்திருக்காது.

கடுமையாக எழுதிவிட்டேனென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பள்ளிக்காக வார இறுதிகளை விட்டுக்கொடுத்து உழைப்பவர்கள் நீங்கள் என்பதை நான் மறக்கவில்லை. அந்த உழைப்பால் வந்த நம்பிக்கையைத்தான் அன்று வெளியாள் ஒருவர் இருபது நிமிடத்துக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டார்.

நான் கேட்பதைச் சட்டமே ஏற்கெனவே கேட்கிறது என்பதையும் பணிவோடு நினைவூட்டுகிறேன். 2022 சட்டத்தின்படி ஈபி-5 திட்டங்களை விற்கும் இடைத்தரகர்கள் குடியேற்றத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். தாங்கள் பெறும் கட்டணத்தை முதலீட்டாளரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். திட்டக் கணக்கைத் தனி நிர்வாகி கண்காணிக்க வேண்டும் அல்லது ஆண்டுதோறும் தணிக்கை நடக்க வேண்டும். நேர்மையான நிறுவனத்திடம் இவை தயாராகவே இருக்கும். நகலெடுத்துத் தருவதற்கு ஒரு மணி நேரம் ஆகாது. கேட்டதும் முகம் சுளிப்பவர்களின் நன்கொடை நமக்கு வேண்டாம்.

எனவே மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். சொத்து யார் பெயரில், பணம் யார் கையெழுத்தில், கமிஷன் எவ்வளவு என்பதை எழுத்தில் தராதவர்களுக்கு மேடையோ மேசையோ தர வேண்டாம். சித்திரைத் திருவிழாவுக்கான நன்கொடையாளர் படிவம் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இறுதியாகும் என்று அறிகிறேன். அந்தப் படிவத்தில் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்த்து, பொங்கலன்று அந்த மேசையில் பெயர் எழுதிக் கொடுத்த உறுப்பினர்களுக்கும், சங்கம் அந்தத் திட்டத்தைச் சரிபார்க்கவில்லை என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவைக்க அன்போடு வேண்டுகிறேன். அவர்கள் இன்னும் பணம் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்; ஆகவே மின்னஞ்சலைக் கூட்டம் வரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே அனுப்பினால் நன்று.

நன்றியுடன்,
சங்கத்தின் ஆயுட்கால உறுப்பினர் ஒருவர்