மஸ்கட்டில் இருக்கும் மகனுக்கு

யாழ்ப்பாணம்

அன்புள்ள தம்பிக்கு,

கதைக்கிற நேரமெல்லாம் "சுத்திவர வெறும் மண்ணிற மலைதான் அம்மா, பார்க்க ஒன்றுமில்லை" என்கிறாய். அந்தக் கல் என்னவென்று உனக்கு யாரும் சொல்லவில்லைப் போல. போனில் சொல்லி முடியாது, அதுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இங்கே மிதித்து நடக்கிற சுண்ணக்கல் ஆழமில்லாத கடலில் படிந்தது. நீ காண்கிறது கடல்தரைக்கும் பல கிலோமீட்டர் கீழே, பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள மான்டில் என்ற படையில் கிடந்த கல். ஏறக்குறைய 9.5 கோடி வருடங்களுக்கு முன் உருவான கடல்தரை, அடியிலிருந்த மான்டிலையும் இழுத்துக்கொண்டு அரேபிய நிலத்தின்மேல் ஏறிவிட்டது. இப்படி ஏறி வந்ததை ஓஃபியோலைட் என்பார்கள். ஓமானிலும் அமீரகத்திலுமாகச் சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிற அந்தச் செமாயில் ஓஃபியோலைட்டைப் பார்க்க உலகத்து ஆராய்ச்சியாளர்கள் எல்லாம் வருகிறார்கள். நீ அதற்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறாய், ராசா.

இத்தனை வருடம் இரசாயனம் படிப்பித்த எனக்குப் பெரிய அதிசயம் அதற்குப் பிறகு தண்ணீர் செய்த வேலைதான். மான்டில் கல்லில் கூடுதலாக இருப்பது ஒலிவின். மக்னீசியமும் இரும்பும் சிலிக்காவும் சேர்ந்த கனிமம் அது. ஆழத்துச் சூட்டில் உறுதியாக நிற்கும், மேலே வந்து தண்ணீர் பட்டால் நிற்காது. சேர்பென்டைன் என்ற வேறொரு கனிமமாக மாறிவிடும். அதன் எடையில் நூற்றுக்குப் 13 பங்கு அளவு தண்ணீர். ஈரமாக இல்லை, கனிமத்தின் கட்டமைப்புக்குள்ளேயே. கன சென்டிமீட்டருக்கு 3.3 கிராமாக இருந்த அடர்த்தி 2.6 அளவுக்கு இறங்கிவிடும். கல் ஊதும், வெடிக்கும், வெடிப்புக்குள் மறுபடியும் தண்ணீர் இறங்கும். ஒலிவினில் இருந்த இரும்பு தண்ணீரிலிருந்து ஒட்சிசனைப் பறித்து மக்னடைட் என்ற கனிமமாக, ஐதரசன் வாயு மிஞ்சும். அந்த ஐதரசனைச் சாப்பிட்டே வெளிச்சமில்லாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன!

பைரொக்சீன் என்ற இன்னொரு கனிமத்தில் கொஞ்சம் கல்சியம் உண்டு. சேர்பென்டைனில் அதற்கு இடமில்லை, அதனால் தண்ணீரோடு போய்விடும். மழைத்தண்ணீர் காற்றின் தொடர்பே அறுந்துபோகிற ஆழத்துக்கு இறங்கினால், கரைந்திருந்த காபனீரொட்சைட்டையும் மக்னீசியத்தையும் கல்லிடம் விட்டுவிட்டு, கல்சியம் ஐதரொட்சைட்டுத் தண்ணீராக ஊற்றெடுக்கும். பிஎச் 11க்கும் மேலே, கடும் காரத்தன்மை. வெளியே வந்து காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு பட்டவுடன் வெள்ளையாகக் கல்சைட் படியும். சுண்ணாம்புத் தண்ணீருக்குள் குழாயால் ஊதிப் பால்நிறமாக்கிய பரிசோதனை ஞாபகம் இருக்கிறதல்லவா? அதேதான், ஆய்வுகூடத்துக்குப் பதிலாக வாதி என்கிற மலையாற்றுப் பள்ளத்துக்குள். நீலநிறக் குளங்களாகத் தேங்கி நிற்கும் என்கிறார்கள். நீ கட்டாயம் காணவேண்டும்.

ஃபன்ஜா என்ற ஊர்ப் பக்கம் லிஸ்ட்வெனைட் என்ற செங்கபிலக் கல்லும் இருக்கிறது. அமிழ்ந்துபோன படிவுகளிலிருந்து காபனீரொட்சைட்டோடு மேலேறிய திரவம், மான்டில் கல்லின் மக்னீசியம் முழுவதையும் காபனேற்றாக்கிவிட, மிஞ்சிய சிலிக்கா குவார்ட்சானது. அது மிகப் பழைய கதை. ஆனால் மேற்பரப்பை அண்டிய கல்லின் வெடிப்புகளில் ஓடுகிற வெள்ளைக் காபனேற்று நரம்புகள் பல, பத்தாயிரக்கணக்கான வருடங்களுக்கு உட்பட்டவையே. கெலெமன், மாட்டர் என்ற ஆராய்ச்சியாளர் இருவரும் 2008இல் கணக்கிட்டபடி, அந்த மலைகள் வருடத்துக்கு 10,000 முதல் 1,00,000 தொன் வரை காபனீரொட்சைட்டைத் தானாகவே கல்லாக்குகின்றன. இதை வேகப்படுத்திக் காற்றிலுள்ள காபனைப் புதைக்கலாமா என்று பார்க்கிறார்கள். நல்ல வேலை, செய்யட்டும்.

சும்மா கிடக்கிற கல் என்று மட்டும் இனிச் சொல்லாதே. லீவு நாளில் ஒரு கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்து, வடிவாகப் படம் எடுத்து அனுப்பு. அந்த ஊற்றுத் தண்ணீரைக் குடிக்காதே, கண்ணில் படவும் விடாதே, நல்ல காரம். நார்நாராக உரிகிற வெள்ளைக் கல்லை உடைக்கவேண்டாம், அது கிரைசோடைல், அஸ்பெஸ்டஸ் வகை. மழை அறிவித்தால் வாதிக்குள் இறங்கவே கூடாது, வெள்ளம் சொல்லாமல் வரும்.

அன்புடன்
அம்மா