கைவலிக்கு வேலையின் வேகமும் பதில் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மணிக்கட்டு வலி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். விரல்களை நீட்டி மடக்கும் பயிற்சிகள், விசைப்பலகையை வைக்க வேண்டிய உயரம் எல்லாம் படங்களோடு தெளிவாக இருந்தன. ஆனால் கட்டுரை முழுக்க, வலி வந்தவர் என்ன செய்ய வேண்டும் என்ற பேச்சுதான். வேலை கொடுத்தவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. பிசியோதெரபிஸ்டாக வேலை பார்ப்பவள் நான். நாள் தவறாமல் இப்படிப்பட்ட கைகளைப் பார்ப்பதால், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கணினி முன் உட்காருபவர்களுக்கு வரும் வலி இது என்றே பலர் நினைக்கிறார்கள். என்னிடம் தையல் வேலை செய்பவர்கள், முடி வெட்டுபவர்கள், துணி பிழிந்து பிழிந்து கை ஓய்ந்தவர்கள், கல் அறுக்கும் இயந்திரம் பிடிப்பவர்கள் எல்லாரும் வருகிறார்கள். நடுராத்திரியில் கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது, எழுந்து உட்கார்ந்து உதறினால் கொஞ்சம் தேவலை என்பார்கள். எந்த விரல் என்று கேட்டால் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல். சுண்டுவிரலில் ஒன்றும் இருக்காது. மணிக்கட்டில் எலும்புகளும் ஒரு தடித்த நாரும் சேர்ந்து அமைத்த குறுகிய வழி ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்ளேதான் போக வேண்டும். விசை கொடுத்து ஒரே அசைவை ஓய்வின்றிச் செய்தால் உள்ளே அழுத்தம் கூடி நரம்பு நசுங்கும். சுண்டுவிரலின் நரம்பு அந்த வழியாகப் போவதில்லை, அதனால் அது தப்பிக்கிறது. சர்க்கரை நோய், தைராய்டு குறை, கர்ப்பம் ஆகியவையும் இதைக் கொண்டுவரலாம் என்பது உண்மை. ஆனால் ஒரே வேலை செய்யும் பலர் ஒரே வலியோடு வரும்போது வேலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கவனிக்காமல் விட்டால் கட்டைவிரலின் அடிச்சதை வற்றிப்போகும். அந்த நிலையில் வந்த தையற்காரர் ஒருவரால் தன் சட்டைப் பொத்தானையே போட முடியவில்லை. கொஞ்ச நாள் கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றேன். "துணிக்கு இவ்வளவுன்னுதான் கூலி. கையை நிறுத்தினா கூலியும் நின்னுடுமேம்மா" என்றார். அதற்குச் சொல்லித்தர என்னிடம் எந்தப் பயிற்சியும் இல்லை.

இது புதிதாக வந்த நோயும் இல்லை. இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1713-லேயே எழுத்தர்களின் கைவலியைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஆவண எழுத்தர் ஒருவருக்கு எழுதி எழுதி வலக்கை செயலிழந்துவிட்டது. சரி என்று இடக்கையால் எழுதப் பழகினார். சில காலத்தில் அதற்கும் அதே கதி. கையை மாற்றினார், வேலை மாறவில்லை. பிரிட்டனில் தந்தி அடிப்பவர்களுக்கு வந்த கைத்தசைப் பிடிப்பை இழப்பீடு பெறத்தக்க நோய்களின் பட்டியலில் 1908-ல் சேர்த்தார்கள். அதன் பிறகு அதை ஆராய்ந்த அரசுக் குழு, 1911-ல் தந்த அறிக்கையில் தொடர் களைப்போடு தொழிலாளியின் நரம்புத் தளர்ச்சியையும் காரணமாகச் சொன்னது. ஆஸ்திரேலியாவில் 1980-களில் தட்டச்சு செய்பவர்களிடம் கைவலி பரவலாகத் தெரிய வந்தபோதும், எல்லாம் மனப்பிரமை என்று சில மருத்துவர்களே எழுதினார்கள். வலிப்பவரின் மனதைச் சந்தேகிக்கும் இந்தப் பழக்கம் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. நரம்பில் மின்னோட்டம் எவ்வளவு தாமதமாகப் போகிறது என்பதை இன்று சோதித்தே பார்த்துவிடலாம். 2014-ல் வெளியான அமெரிக்க அரசு ஆய்வு ஒன்று, தென் கரோலினாவில் ஒரு கோழி இறைச்சி ஆலையில் பரிசோதனைக்கு வந்த தொழிலாளர்களில் 42 சதவீதம் பேருக்கு மணிக்கட்டு நரம்பு நசுங்கியதற்கான அறிகுறிகள் இருப்பதாகக் கண்டது. இதையும் மனப்பிரமை என்பார்களா?

வேகத்தையே கட்டுப்படுத்தப் பார்த்த நாடுகளும் உண்டு. ஜப்பானில், அந்தக் காலக் கணினிகளுக்குத் தரவு கொடுக்க விசைகளைத் தட்டி அட்டைகளில் துளையிடும் இயந்திரங்களை இயக்கியவர்கள் கழுத்திலும் தோளிலும் கையிலும் வலியோடு அவதிப்பட்டபோது, 1964-ல் தொழிலாளர் அமைச்சகம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. நாளுக்கு 40,000 தட்டல்களுக்கு மேல் கூடாது, மணிக்கு 10 நிமிடம் ஓய்வு. பிரேசில் 1990-ல் திருத்திய விதியில் தரவு உள்ளிடுபவர்களுக்கு மணிக்கு 8,000 தட்டல், நாளுக்கு 5 மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்தது. 50 நிமிட வேலைக்கு 10 நிமிட இடைவேளை, அந்த இடைவேளைக்குச் சம்பளப் பிடித்தம் இல்லை. பிறகு 2013-ல் இறைச்சி ஆலைகளுக்கும் தனி விதி கொண்டுவந்து இடைவேளைகளைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் நேர்மாறாக நடந்தது. இப்படிப்பட்ட வலிகளைத் தடுக்க 2000 நவம்பரில் வெளியிட்ட பணியிட விதியை 2001 மார்ச்சில் நாடாளுமன்றமே ரத்துசெய்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது தென் கொரியாவில் நடந்தது. பல்பொருள் அங்காடித் தொழிலாளர்கள் கேட்டது, கனமான அட்டைப் பெட்டிகளின் பக்கவாட்டில் கை நுழைத்துப் பிடிக்க ஒரு துளை. அவ்வளவுதான். துளை இல்லாத பெட்டியை அடியில் கை கொடுத்துத் தூக்கும்போது விரல்களும் மணிக்கட்டும் எப்படி வளைகின்றன என்று ஒருமுறை தூக்கிப் பாருங்கள், புரிந்துவிடும். அந்த நாட்டு அஞ்சல் துறை 2020 நவம்பரில் துளையிட்ட பார்சல் பெட்டிகளை அறிமுகப்படுத்தியது. இப்படி ஒரு யோசனை அந்தப் பெட்டியைத் தூக்கியவர்களுக்குத்தான் வரும்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-ல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில், இந்த மணிக்கட்டு நரம்பு நோயும் கட்டைவிரல் பக்கத்துத் தசைநாண் உறை வீக்கமும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் அது வழிகாட்டி மட்டுமே. ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் சேர்த்தால்தான் தொழிலாளிக்கு இழப்பீடு. அப்படிச் சேர்க்காத இடத்தில் இந்த வலி எந்தக் கணக்கிலும் வராது.

அடுத்து இதைப் பற்றி எழுதும்போது, கட்டுரையாளரை ஒரு தையல் கூடத்துக்கோ இறைச்சி ஆலைக்கோ தரவு உள்ளிடும் அலுவலகத்துக்கோ அனுப்புங்கள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை உருப்படி கேட்கிறார்கள், அந்த எண்ணை முடிவு செய்தவர் யார், இடைவேளைக்குக் கூலி உண்டா, கை வலிக்கிறது என்று சொன்னவர்களுக்கு அங்கே வேறு வேலை கொடுத்தார்களா, வீட்டுக்கு அனுப்பினார்களா என்று விசாரித்து வரட்டும். பயிற்சிப் படங்களையும் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் இந்தப் பதில்களையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்