சுவர் பார்க்க வரும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகம். டிசம்பரில் தோழிகளோடு வருகிறாய் என்று கேட்டதிலிருந்து அப்பா வீட்டிலுள்ள மின்விசிறிகளையெல்லாம் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார். நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் இருப்பது ஒரே நாள். அதற்குள் இத்தனை சுவரோவியமா? பாதியை அடித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. குரல் பதிவாக அனுப்பினால் நடுவிலேயே நிறுத்திவிடுவாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் நம் கரையில், பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறுங்கள். காடியில் பாலம் வழியாகக் கொண்டுபோய் விடுகிறேன் என்று அப்பா நிற்பார், வேண்டாம் என்று சொல்லிவிடு. நீ சின்னதில் ஏறிய பெரிய பெர்ரிகள் இப்போது இல்லை. 2020 கடைசியோடு அவற்றில் காடி ஏற்றுவது நின்றது. 2023 முதல் ஓடுபவை புதுப் படகுகள், ஆட்களுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மட்டும். ஆனாலும் கடலிலிருந்து பார்த்தால்தான் இந்த ஊர் எதற்காக உண்டானது என்று புரியும். 1786ல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய முனை, அங்கே கோட்டை, அதன் பின்னால் கிடங்குகள், கிடங்குகளுக்குப் பின்னால் அவற்றில் மூட்டை தூக்கியவர்களின் குடியிருப்பு. உன் தாத்தாவும் அந்த மூட்டைகளைத் தூக்கியவர்தான்.

இறங்கியதும் இடப்பக்கமாகக் கரையோரமே நடந்தால் சீனர்களின் தண்ணீர் வீடுகள் வரும். ஒவ்வொரு துறையும் ஒரு குலப்பெயர்க்காரர்களுடையது. சியூ குலத்தாரின் துறைதான் பெரியது, கூட்டமும் அங்கேதான். கடலுக்குள் கால் நட்டு, பலகை பரப்பி, அதன்மேல் வீடு. தரையில் இல்லாததால் நிலவரி கிடையாது என்பார்கள். அங்கே போனால் ஒன்று மட்டும் உன் தோழிகளிடம் சொல்லி வை: திறந்த கதவுக்குள் கைப்பேசியை நீட்டக் கூடாது. உள்ளே ஒரு கிழவி சோறு தின்றுகொண்டிருப்பாள், அது அவள் வீடு.

அங்கிருந்து ஆர்மேனியன் ஸ்ட்ரீட் நடக்கும் தூரம். நீ முதலில் எழுதியிருக்கும் சைக்கிள் பிள்ளைகள் அங்கேதான். லித்துவேனியாவில் பிறந்த எர்னஸ்ட் சக்கரேவிச் 2012ல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக வரைந்தது. சுவரில் பதித்திருப்பது நிஜ சைக்கிள். அக்காள் மிதிக்க, தம்பி பின்னால் கட்டிக்கொண்டு வாயைப் பிளந்து சிரிக்கிறான். எனக்கு அது பிடிக்கும், மறைக்கவில்லை. பக்கத்துத் தெருவான ஆ குவீயில் பழைய மோட்டார் சைக்கிளோடு ஒரு பையன், கேனன் ஸ்ட்ரீட்டில் நாற்காலி மேல் ஏறிக் கைநீட்டும் இன்னொருவன். இந்த மூன்றும் போதும். அப்புறம் வந்த பூனை, குடை, பலூன் எல்லாம் நிற்பவர் படம் பிடித்துக்கொள்வதற்கென்றே வரைந்தவை. வேண்டுமானால் பார், நான் சொல்லி நீ எங்கே கேட்கப் போகிறாய்.

அவற்றைவிட எனக்கு அந்தக் கறுப்புக் கம்பிச் சித்திரங்கள் மேல் பிரியம். 2009ல் மாநில அரசு வைத்த போட்டியில் வென்றவர்கள் செய்தது. இரும்புக் கம்பியை வளைத்து, அந்தந்தத் தெருவில் என்ன தொழில் நடந்தது, யார் இருந்தார்கள் என்று கேலியாகச் சொல்லியிருப்பார்கள். உலகம் முழுக்கப் பெயரெடுத்த செருப்புக் கலைஞர் ஜிம்மி சூ செருப்புத் தைக்கப் பழகிய இடம்கூட முன்ட்ரி ஸ்ட்ரீட் பக்கம் கம்பியில் இருக்கிறது.

படம் எடுத்து முடித்ததும், அந்தச் சைக்கிள் சுவரிலேயே ஓரமாகக் கையை வை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன். இந்தப் பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும், சிமெண்டு கிடையாது. கடலோர ஊர், தோண்டினால் தண்ணீர். மண்ணிலிருந்து ஈரம் எப்போதும் செங்கல்லில் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்து உதிரும், தீபாவளிக்கு முன்னால் இன்னொரு கை சுண்ணாம்பு அடித்தால் தீர்ந்தது. தாத்தா அதில் ஒரு சிட்டிகை நீலம் கலப்பார், நான் வாளி பிடிப்பேன். பிறகு வந்தவர்கள் சிமெண்டு பூசினார்கள், பளபளவென்று பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தார்கள். ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே மேலேறிச் செங்கல் பொடியாகிறது. சுவரோவியங்கள் தோல் தோலாக உரிவதற்கும் பாதிக் காரணம் இதுதான், மீதி வெயிலும் மழையும்.

லீத் ஸ்ட்ரீட்டில் சியோங் ஃபாட் ட்ஸே என்ற சீன வணிகரின் நீல மாளிகையைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள். அந்த நீலம் சுண்ணாம்பில் கலந்த அவுரி, இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த சாயம்.

அப்புறம் தலையைத் தூக்கிப் பார்த்து நட. அஞ்சடியில், அதாவது கடைவீடுகளின் முன்னால் மாடிக்குக் கீழே ஓடும் நடைபாதையில், நடந்தால் வெயில் படாது, ஆனால் மேல்மாடி தெரியாது. எதிர்ப்பக்கத்து அஞ்சடியில் நின்று இந்தப் பக்க வீட்டைப் பார்க்க வேண்டும். மரச்சட்டம் அடுக்கிய சன்னல், அதற்கு மேல் காற்றுத் துவாரம், கூரை முகட்டில் பீங்கானை வெட்டி ஒட்டிச் செய்த பூவும் பறவையும். பீங்கான் வேலையை நன்றாகப் பார்க்க கூ குலத்தாரின் கூ கொங்சி கோயிலுக்குள் போ, நுழைவுச் சீட்டு வாங்கினாலும் தகும். கடைவீடுகளின் முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம். நடுவில் வானம் திறந்த முற்றம், செட்டிநாட்டு வீட்டில் இருப்பதுதான். வெளிச்சமும் காற்றும் மழையும் அந்த ஒரே வழியாகத்தான்.

நாம் இருந்ததும் அப்படி ஒரு வீடு, கிங் ஸ்ட்ரீட் பக்கம். கீழே கிடங்கு, மாடியில் மூன்று குடும்பம். போருக்கு முந்திய கட்டடங்களுக்கெல்லாம் வாடகைக் கட்டுப்பாடு இருந்ததால்தான் நம்மைப் போன்றவர்களால் நகரத்தின் நடுவில் குடியிருக்க முடிந்தது. 1997ல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள், 2000 சனவரியிலிருந்து வாடகை அவரவர் விருப்பம். வீட்டுக்காரர் கேட்ட தொகை அப்பாவின் சம்பளத்தில் பாதிக்கு மேல். நீ ஒன்றாம் வகுப்பு போகவேண்டிய வருடம், சாமானை லாரியில் ஏற்றிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தோம். தெருவே அப்படித்தான் காலியானது. ஆள் போன சில வீடுகளில் சன்னலை அடைத்து, ஒலிபெருக்கி வைத்து, சீனர்கள் சூப்பு வைக்கும் கூட்டுக்காகக் குருவி வளர்த்தார்கள். தெரு முழுக்க இரவும் பகலும் கீச்சுக் கீச்சு! பிறகு அரசு அதைத் தடுத்தது. 2008ல் ஜார்ஜ்டவுனை மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. பெருமைதான். அறிவிக்காமல் இருந்தால் பாதிக் கட்டடம் விழுந்திருக்கும் என்பதும் உண்மை. ஆனால் அதற்குள் ஆட்களில் பாதி கிளம்பிவிட்டார்கள்.

நம் வீடு இப்போது கோப்பிக் கடை. போன வருடம் நானும் அப்பாவும் போய் உட்கார்ந்தோம். அடுப்படி இருந்த இடத்தில் மேசை போட்டிருக்கிறார்கள், பெயின்ட்டைச் சுரண்டிச் செங்கல்லைக் காட்டி வைத்திருக்கிறார்கள், அதுதான் நாகரிகமாம். இரண்டு கோப்பியும் ஒரு கேக்கும் நம் பழைய மாத வாடகைக்குக் கிட்டத்தட்ட வந்தது. அப்பா பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கோப்பி நன்றாகத்தான் இருந்தது, போய்க் குடி. படிக்கட்டு அதேதான், மூன்றாவது படி இன்னும் கத்துகிறது.

மத்தியானத்துக்கு மேல் நம் தமிழர் தெருக்கள் பக்கம் வாருங்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801ல் தொடங்கியது, நம் தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் காலத்தது. சூலியா ஸ்ட்ரீட் முனையில் நாகூர் தர்கா சின்னதாக இருக்கும், மதிலை ஒட்டிக் கடைகள், கவனிக்காமல் தாண்டிவிடாதே. குயீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் 1833ல் கட்டியது. அங்கே ஐந்து நிமிடமாவது உட்கார், உன் பெயரில் அர்ச்சனைக்குக் கொடுத்திருக்கிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும் செட்டியார்களின் வெள்ளி ரதம் புறப்படுவது பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து. தோழிகளிடம் அதையும் சொல். இந்தத் தெருக்களில் வாசலில் யார் உட்கார்ந்திருந்தாலும் பேச்சுக் கொடு. பழைய ஆட்களில் மிச்சமிருப்பவர்கள் பூக்கடையிலும் நகைக் கடையிலும்தான் இருக்கிறார்கள். தாத்தா பெயரைச் சொன்னால் ஒருவராவது தலையாட்டுவார்.

சாப்பாட்டுக்கு நாசி கண்டார்தான். காவடிக் கம்பில் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகக் கூலிகளுக்கு விற்ற நம் ஊர் முஸ்லிம்கள் உண்டாக்கியது. குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல், தனித்தனியாகக் கேட்டால் கடைக்காரர் உன்னை ஒரு மாதிரி பார்ப்பார். கால் வலித்தால் நகரத்துக்குள் சுற்றும் இலவச கேட் பஸ் இருக்கிறது.

மணிக்கூண்டைப் பட்டியலில் நீ சேர்க்கவே இல்லை. 1897ல் வந்த விக்டோரியா ராணியின் அறுபதாம் ஆட்சியாண்டுக்காக ஒரு சீனச் செல்வர் கொடுத்த பணத்தில் எழுந்தது, ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம். போர்க்காலக் குண்டில் கொஞ்சம் சாய்ந்தது என்கிறார்கள். பெர்ரிக்குத் திரும்பும் வழியில் பார்த்துவிட்டு வரலாம்.

இரவுச் சாப்பாடு வீட்டில். தோழிகளில் யார் சைவம், யாருக்குக் காரம் ஆகாது என்று எழுது. ஆட்டிறைச்சி என்றால் அப்பா முந்தின நாளே சந்தையில் சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா