ஓய்வுக்கு ஒரு வரி போதாது: அகராதி தொகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தமிழ் அகராதித் தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். செய்திகளைத் தமிழாக்குவதும் பிறர் எழுதியதைத் திருத்துவதும் என் வேலை. அகராதி இல்லாமல் என் பிழைப்பு ஓடாது. எனவே இதைக் குறை சொல்லும் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'ஓய்வு' என்ற ஒரே சொல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன். கையடக்க அகராதிகளில் அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரிதான்: இளைப்பாறுதல், ஒழிவு, முடிவு என்று இரண்டு மூன்று சொற்கள். அவற்றில் தவறில்லை. ஆனால் அந்த வரியை மட்டும் நம்பி ஒருவர் தமிழில் வாக்கியம் எழுத உட்கார்ந்தால் சீக்கிரமே மாட்டிக்கொள்வார்.

விளையாட்டுப் பக்கத்தைப் பாருங்கள். 'கேப்டனுக்கு ஓய்வு' என்று தலைப்பு வந்தால் அடுத்த ஆட்டத்தில் அவர் ஆடமாட்டார், அப்புறம் திரும்பி வந்துவிடுவார். 'கேப்டன் ஓய்வு' என்றால் இனி வரவே மாட்டார். இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒரு நான்காம் வேற்றுமை உருபுதான். தலைப்பில் இடம் போதவில்லை என்று யாராவது அந்த 'உக்கு'வை வெட்டினால், ஒரு ஆட்டத்துக்கு ஒதுங்கியவரின் ஆட்ட வாழ்க்கையே முடிந்துவிடுகிறது. செய்தியின் உடலில் இந்தக் குழப்பம் இல்லை. 'ஓய்வு அளிக்கப்பட்டது', 'ஓய்வு அறிவித்தார்' என்று பக்கத்தில் நிற்கும் வினை காப்பாற்றிவிடுகிறது.

என் முதல் கோரிக்கை இங்கேதான் பிறக்கிறது. இந்தச் சொல்லின் பொருளைப் பாதிக்கு மேல் சுமப்பது பக்கத்தில் வரும் வினை. ஓய்வு எடுத்தால் களைப்புத் தீரப் படுத்திருக்கிறோம். ஓய்வு பெற்றால் பணியை விட்டு வருகிறோம். ஓய்வாக இருந்தால் கையில் வேலை இல்லை, யாரும் பேச வரலாம். காய்ச்சலில் கிடந்து ஓய்வு எடுப்பவரைப் பற்றி 'அவர் ஓய்வாக இருக்கிறார், போய்ப் பாருங்கள்' என்று சொன்னால் நோயாளிக்குத் தொல்லை. தாய்மொழிக்காரர் இதையெல்லாம் யோசிக்காமலே சரியாகச் சொல்லிவிடுவார். தமிழைப் படித்துத் தெரிந்துகொள்பவருக்கோ, வெளிநாட்டில் வளர்ந்து வீட்டில் பாதித் தமிழ் கேட்ட பிள்ளைக்கோ அது தானாக வராது. அகராதி அவர்களுக்கும் சேர்த்துத்தானே?

பேச்சில் மக்கள் இந்தப் பொருள்களை ஏற்கெனவே பிரித்து வைத்துவிட்டார்கள் என்பது இதில் வேடிக்கை. 'ரெஸ்ட் எடு' என்கிறோம். 'ரிட்டயர் ஆகிட்டார்' என்கிறோம். 'ஃப்ரீயா இருந்தா வா', 'பத்து நிமிஷம் பிரேக்' என்கிறோம். எழுத்தில் இந்த நான்கு இடத்திலும் நம்மில் பலர் ஓய்வையே போடுகிறோம். ஆங்கிலக் கலப்பு என்று இதைக் கண்டித்து ஒதுக்குவது எளிது. எனக்கு அதில் ஒரு வரைபடம் தெரிகிறது. பேசுபவர்கள் எந்த இடத்தில் ஒரு பொருளை அறுத்து இன்னொன்றைத் தொடங்குகிறார்கள் என்பதை அந்தக் கடன்சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. உங்கள் பதிவில் 1, 2, 3 என்று பொருள் பிரிக்கும்போது அந்தக் கோடுகளைப் பின்பற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பெயர்ச்சொல்லின் கதை இப்படியிருக்க, வினைச்சொல்லோ பேச்சில் திடமாக வாழ்கிறது. 'மழை ஓஞ்சிருச்சா?' என்று கேட்க யாருக்கும் கடன்சொல் தேவைப்படுவதில்லை. 'அலைஞ்சு அலைஞ்சு ஓஞ்சு போயிட்டேன்', 'ஓயாம பேசிக்கிட்டே இருக்கா' என்பவையும் அப்படியே. கடைசி வாக்கியத்தில் உள்ள எரிச்சலையும் கவனியுங்கள். 'இடைவிடாமல்' என்பதற்கும் 'ஓயாமல்' என்பதற்கும் பொருள் ஒன்றுதான் என்று எழுதிவிடலாம். ஆனால் 'இடைவிடாமல் படித்தான்' என்பது பாராட்டு. 'ஓயாமல் கேட்டான்' என்பது பெரும்பாலும் புகார்.

மழை நிற்பதும் மழை ஓய்வதும்கூட ஒன்றல்ல. நேற்றுச் சட்டென்று நின்ற தூறலை யாரும் ஓய்ந்தது என்று சொல்லமாட்டார்கள். கொட்டித் தீர்த்து, வேகம் குறைந்து, மெலிந்து, அப்புறம் அடங்குவதுதான் ஓய்தல். இது என் காதுக்கு மட்டும் படும் நுட்பம் அல்ல. தொல்காப்பியத்தின் உரியியல் 'ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய், ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்' என்கிறது. முன்பு இருந்தது இப்போது மெலிந்திருக்கிறது என்பதே நுணுக்கம். கலித்தொகையில் வேனிலில் உழன்று மெலிந்த யானை 'ஓய்களிறு' ஆகிறது. அந்த யானை ரெஸ்ட் எடுக்கவில்லை. வலிமை வற்றித் தளர்ந்து நிற்கிறது. 'ஓஞ்சு போயிட்டேன்' என்று இன்று நாம் சொல்லும்போது அதே யானையின் பொருளில்தான் பேசுகிறோம். பழைய பொருள் நூல்களோடு போய்விட்டது என்று நினைத்து அதை 'அருகிய வழக்கு' என்று குறித்துவிடாதீர்கள்.

(இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் 'தேர்தல் பிரசாரம் இன்று மாலை ஓய்கிறது' என்று நாங்கள் செய்தியில் எழுதுவது கொஞ்சம் இடறுகிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் பிரசாரம் கூடாது. கடிகாரம் பார்த்து, உச்சக் குரலில் இருக்கும்போதே அறுபடுவது அது. மெலிந்து அடங்குவதில்லை. ஆனாலும் அந்தத் தலைப்பை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.)

அடுத்து, ஓய்வையும் இளைப்பாறுதலையும் ஒரே மூச்சில் ஒன்றுக்கு ஒன்று பொருளாகத் தருவதைப் பற்றி. இளைப்பு ஆறுவது இளைப்பாறுதல். புண் ஆறுவது போலக் களைப்பு ஆறுகிறது. ஓய்வு வேலை நின்றதைச் சொல்கிறது, இளைப்பாறுதல் உடம்பு தேறுவதைச் சொல்கிறது. தமிழ் பைபிளை மொழிபெயர்த்தவர்கள் இந்த வேறுபாட்டை நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். பத்துக் கட்டளைகளில் வருவது 'ஓய்வுநாள்'. அன்று வேலை நிற்க வேண்டும் என்பதே கட்டளை. பாரம் சுமப்பவர்களை அழைக்கும் இடத்தில் 'இளைப்பாறுதல் தருவேன்' என்று இருக்கிறது. சொற்களை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், இரண்டு வாக்கியமும் கெட்டுவிடும். ஓய்வு கிடைத்தும் இளைப்பாறாதவர்களை நாம் தினமும் பார்க்கிறோம்.

இலங்கை வழக்கை இங்கே விட்டுவிட முடியாது. அங்கே மரண அறிவித்தல்களில் 'இளைப்பாறிய ஆசிரியர்', 'இளைப்பாறிய அதிபர்' (அங்கே அதிபர் என்றால் பள்ளித் தலைமையாசிரியர்) என்று வருவது சாதாரணம். தமிழ்நாட்டு வாசகர் அதைப் பார்த்துக் கொஞ்சம் தடுமாறுவார், ஏனென்றால் இங்கே 'ஓய்வுபெற்ற' என்றுதான் எழுதுவோம். இரண்டில் எது நல்ல தமிழ் என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் இலங்கை வழக்கு என்ற குறிப்போடு அந்தப் பொருள் இடம்பெறாத அகராதி பாதித் தமிழருக்குத்தான் பயன்படும்.

'ஓய்வு பெறு' என்பதற்கு இன்னும் ஒரு குறிப்பு வேண்டும்: யார் ஓய்வு பெறலாம்? ஆசிரியர் பெறலாம், நீதிபதி பெறலாம், பந்து வீச்சாளர் பெறலாம். 'விவசாயி ஓய்வு பெற்றார்' என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. நாற்பது வருடம் அடுப்படியில் நின்ற பெண் ஓய்வு பெற்றதாகவும் எங்கும் செய்தி வராது. அவர்களுக்குத் தமிழ் வைத்திருப்பது 'ஓய்ந்துவிட்டார்', அல்லது 'முன்ன மாதிரி முடியலை'. சம்பளமும் பதவியும் இருக்கிற இடத்தில் ஓய்வு என்பது பெறுகிற ஒன்று. இல்லாத இடத்தில் உடம்பு தானாக ஓய்கிறது. சொல்லின் பயன்பாட்டுக் குறிப்பாகவே இதை எழுதலாம், சமூக விமர்சனம் என்று தயங்க வேண்டியதில்லை. 'பணி, பதவி, விளையாட்டு ஆகியவற்றில் இருப்பவரைக் குறித்தே வரும்' என்று ஒரு வரி போதும்.

அரசு அலுவலக வழக்கு தனி உலகம். அங்கே ஒருவர் ஓய்வு பெற 'அனுமதிக்கப்படுகிறார்'. தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-ல் 58-இலிருந்து 59 ஆகி, 2021-ல் 60 ஆனது. அந்த வயது வந்தால் 'வயது முதிர்வு ஓய்வு'. முன்பே தானாக விலகினால் 'விருப்ப ஓய்வு'. 'கட்டாய ஓய்வு' என்பது ஒழுங்கு நடவடிக்கையில் தரப்படும் தண்டனைகளில் ஒன்று! ஓய்வு தண்டனையாகும் இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஓய்வூதியத்தை நீங்கள் எல்லோரும் தனிச்சொல்லாகச் சேர்த்திருப்பீர்கள்; இந்த மூன்று தொடர்களுக்கும் அதே மரியாதை கொடுங்கள்.

இயற்பியல் பாடத்தில் வரும் 'ஓய்வு நிலை' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே ஒரு கல் ஓய்வில் இருக்கிறது, களைக்காமலே. கலைச்சொல் என்று குறித்துவிட்டால் சரி.

எனக்குப் பிடித்தது 'ஓய்வு ஒழிச்சல்'. இந்த இணைமொழி எதிர்மறையில் மட்டுமே உயிர் வாழ்கிறது. 'ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் உழைத்தார்' என்போம். 'நேற்று எனக்கு ஓய்வு ஒழிச்சல் இருந்தது' என்று சொன்னால் எதிரில் இருப்பவர் சிரிப்பார். ஓய்வு இல்லாததைச் சொல்லத்தான் இப்படி அழகாக ஒரு தொடர் செய்து வைத்திருக்கிறோம். அகராதியில் இதற்குப் பக்கத்தில் 'எதிர்மறையில் மட்டும்' என்ற குறிப்பு கட்டாயம் வர வேண்டும். 'ஒழிச்சல்' என்பதைத் தனிச்சொல்லாகத் தேடுபவரையும் இங்கே அனுப்பி வையுங்கள்.

ஓய்வறைக்கு வருகிறேன். ரயில் நிலையத்தில் பயணிகள் பணம் கட்டித் தங்கிப் படுத்துத் தூங்கும் அறை ஓய்வறை. பணிமனையில் ஓட்டுநர்கள் காலை நீட்டும் அறையும் ஓய்வறை. இப்போது புதிய கட்டடங்களில் 'ரெஸ்ட் ரூம்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, கழிப்பறைக் கதவில் 'ஓய்வறை' என்று எழுதுகிறார்கள். சற்று உட்காரலாம் என்று கதவைத் திறந்தவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். இந்தப் பொருள் பரவுவதை நீங்கள் தடுக்க முடியாது, தடுக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் 'கழிப்பறை என்பதன் இடக்கரடக்கல், புதுவழக்கு' என்று பதிவு செய்துவிட்டால், பலகை எழுதுபவர் ஒருமுறையாவது யோசிப்பார். என்னைக் கேட்டால் 'கழிப்பறை' என்று எழுதுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, உங்களில் சிலருக்குப் பிடிக்காத கோரிக்கை. 'ரெஸ்ட்' என்ற சொல்லைத் தலைச்சொல்லாகச் சேர்க்க வேண்டும். மருத்துவர் சொல்வது அதுதான், வீட்டில் அம்மாவிடம் நாம் சொல்வதும் அதுதான். 'பேச்சு வழக்கு' என்று அடையாளமிட்டு, 'காண்க: ஓய்வு, பொருள் 1' என்று திருப்பிவிடுங்கள். பொருள் 1 என்று மட்டும் போட வேண்டும், மொத்தப் பதிவுக்கும் அல்ல. 'அவர் அடுத்த மாதம் ரெஸ்ட் பெறுகிறார்' என்று யாரும் சொல்வதில்லை. அடுத்த பதிப்புக்கான வேலை எப்போது தொடங்கினாலும், எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தேவையென்றால் செய்தித்தாள்களில் இருந்து நான் சேர்த்து வைத்திருப்பவற்றை அனுப்பத் தயார்.

அன்புடன்,
உங்கள் அகராதிகளைத் தினமும் புரட்டும் ஒரு மெய்ப்பாளர்