ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டால்

மன்னார்குடி
20.11.2024

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி தேவலையா? கலிபோர்னியாவில் 2022 ஜூலையிலிருந்து நடுநிலைப் பள்ளிகள் காலை எட்டு மணிக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாமே, உன் சின்னவன் கொடுத்துவைத்தவன். பருவம் வரும்போது தூக்கம் வரும் நேரமே தள்ளிப்போகும் என்கிறார்கள். நம் வீடுகளில் அதற்குத் திமிர் என்றல்லவா பேர்!

இங்கே வேறு கதை. இன்று புதன்கிழமை, பள்ளியில் காலைச் சாப்பாடு பொங்கல். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பிள்ளைகளுக்கு. நல்ல திட்டம், குறை சொல்ல வாய் வராது. ஆனால் எங்களுடையது எட்டாவது வரை இருக்கிற பள்ளி. தம்பியைக் கைபிடித்துக் கூட்டிவரும் ஆறாம் வகுப்புக்காரி ஒருத்தி, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை தூணோரம் நிற்கிறாள். போன வருடம் அவளும் அந்த வரிசையில் உட்கார்ந்தவள்தான். வளர்கிற வயசில் பசி கூடுமா, குறையுமா?

சோறு மட்டுமில்லை. அஞ்சாவது வரை ஒரே டீச்சர். காய்ச்சலா, வீட்டில் சண்டையா, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். ஆறாவதில் பாடத்துக்கு ஒருவர், மணி அடித்தால் ஆள் மாறிவிடுவோம். உடம்பே புதுசாகத் தெரிகிற நேரமாகப் பார்த்து, சொல்லி அழ ஆள் இல்லாமல் பண்ணிவிடுகிறோம். உங்கள் அமெரிக்காவில் கார்னகி அறக்கட்டளை அமைத்த குழு 1989இலேயே இந்த வயதுக்கென்று ஓர் அறிக்கை போட்டது. ஒவ்வொரு பிள்ளையையும் நன்றாக அறிந்த பெரியவர் ஒருவராவது பள்ளியில் இருக்க வேண்டும் என்றார்கள்.

அதைத்தான் என் அளவில் செய்து பார்க்கிறேன். வருகைப் பதிவு முடிந்ததும் பத்து நிமிடம் பாடம் கிடையாது, வேப்பமரத்தடியில் பேச்சுதான். ஏழாவதில் ஒரு பையன். ஜூனில் வாசிப்புக்கு முதல் ஆளாக எழுந்தவன், செப்டம்பரிலிருந்து வாயே திறக்கவில்லை. சோம்பேறி என்று முத்திரை குத்தியாகிவிட்டது. மரத்தடியில்தான் விஷயம் வெளியே வந்தது: குரல் உடைந்து நடுவரியில் கிறீச்சிடுகிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். “எனக்குக் கேட்டால் போதும், மெதுவாக வாசி” என்றேன். இப்போது கணக்கு வாத்தியாரான என் மேசைக்குப் பக்கத்தில் நின்று தமிழ் வாசிக்கிறான்!

“பாடம் முடியாது சார்” என்கிறார்கள் சக ஆசிரியர்கள். பொய்யில்லை, கணக்கில் இரண்டு பாடம் பின்தங்கித்தான் நிற்கிறேன். அரையாண்டுக்குள் எப்படி முடிப்பேனோ!

டிசம்பரில் வருகிறாய் அல்லவா? லீவு விடுவதற்கு முன்னால் ஒரு புதன்கிழமை பள்ளிக்கு வா. அப்புறம், உன் கையெழுத்து முன்னைவிட மோசம்.

அன்புடன்,
குமார்